அழைக்கப்பட்டவர்

பிப்ரவரி. ஓங்கே, ரயில்கள் பிரியும் ஊர்.
பனி ஜன்னலில் பாதிவரை ஏறியிருந்தது.
ரக்ன்வி ஹெட்பியோர்க் என் தலையின்
வலப்பக்கத்தை முடித்து இடப்பக்கம் வந்தபோது
கதவு மணி ஒருமுறை அடித்து நின்றது.

வந்தவர் தொப்பியைக் கழற்றினார்.
தோல்பை, கம்பளி மேலங்கி, பூட்ஸில் சாலை உப்பு.
பெயர் சொன்னார்: எலோஃப் நீஹெம்.
பெயர் யாருக்கு வேண்டும்?
ஊருக்கு அவர் க்ரூனுஃபூக்டே.
தபால்பெட்டியைத் திறக்கும்போது
கடன்பட்டவர்கள் மூச்சுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்.

நான் அந்தச் சொல்லைப் பிரித்தேன். வேறென்ன செய்ய,
கழுத்தைச் சுற்றித் துணி, பாதித் தலை ஈரம்.

முன்பாதி க்ரூனா. மகுடம்.
அரசன் தலையிலிருந்து இறங்கி
நாணயத்தில் பதிந்து
நாணயத்தின் பெயராகவே ஆகிவிட்டது.
ரக்ன்வி வங்கிக்குத் தரவேண்டியவை
எண்பத்தாறாயிரம் மகுடங்கள்.
எந்த ராணிக்கும் அத்தனை தலை கிடையாது.

நடுவில் ஓர் உயிரெழுத்து, நம் சாரியைபோல்.
இரண்டு சொல்லும் உரசாதிருக்க
எண்ணெய் விட்ட கீல்.

பின்பாதி ஃபூக்டே.
வடக்கே பிறந்ததல்ல அது.
லத்தீனில் வொகாத்துஸ்: அழைக்கப்பட்டவன்.
வழக்கில் சிக்கியவனின் பக்கத்தில் நிற்க,
அவனுக்காகப் பேச,
குரல் கொடுத்து வரவழைக்கப்பட்டவன்.
ஜெர்மன் துறைமுகங்கள் வழியே
உப்பு மூட்டைகளோடு கப்பலேறி வந்ததில்
வால் உதிர்ந்தது, இடுப்பு ஒடிந்தது.
துணைக்கு வந்தவன் கோட்டைக்குக் காவலானான்.
காவலன் வரி கேட்டான்.
வரி கேட்டவன்
யாரும் கூப்பிடாமலே உள்ளே வரப் பழகினான்.
அமீனா என்கிறோமே,
அதுவும் நம்பத்தக்கவர் என்றுதான் பிறந்தது.
ஜப்தி நாளில் யாருக்கு அது ஞாபகம்?

எலோஃப் எழுதினார்.
சுழல் நாற்காலி, இரண்டு.
தலை உலர்த்தி, மூன்று, ஒன்று பழுது.
கண்ணாடி, மூலையில் விரிசல்.
என்னையும் ஒருகணம் பார்த்தார்,
கணக்கில் சேருவேனா என்பதுபோல்.
கல்லாவைத் திறக்கச் சொன்னார்.
ரொக்கம்: இல்லை.
நான் இன்னும் பணம் தந்திருக்கவில்லை.
கத்தரிக்கோலைத் தொடவில்லை. தொழிற்கருவி,
சட்டம் விட்டுவைக்கிறது.
தேதி, முத்திரை.

படிக்காமலே கையெழுத்திட்டாள் ரக்ன்வி.
பிறகு அவர் பிடரியைப் பார்த்தாள்,
இருபத்தெட்டு வருடமாகப் பிடரிகளையே பார்த்த கண்.
"இதை யார் வெட்டியது?"
"நானேதான்."
"தெரிகிறது. வாங்க, உட்காருங்க."

வாங்க.
அந்தச் சொல்லை ஒருவர் கூப்பிட்டு
எத்தனை நூற்றாண்டாயிற்றோ.

தன் பட்டியலில் முதலாவதாக இருந்த நாற்காலியில்
விளிம்பில் உட்கார்ந்தார்,
வங்கி மேலாளர் முன் உட்காருவதுபோல்.
அவள் காதுமடலை மடக்கியபோது
கண்ணை மூடிக்கொண்டார்.
என் இடப்பக்கம் காத்திருந்தது.

எழுந்து, நூற்றிருபது மகுடம் எண்ணி வைத்தார்.
பைக்குள்ளிருந்த தாளை எடுக்கவில்லை.
இல்லை என்று எழுதியது
இல்லையாகவே ஊரைவிட்டுப் போனது.

ஏப்ரலில் நாற்காலிகள் ஏலத்தில் போயின.
சுந்த்ஸ்வால்காரர் ஒருவர் முந்நூறுக்கு எடுத்தார்.
கண்ணாடியை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம்
அவள் தரையைப் பெருக்கும்போது சொன்னேன்:
என் மொழியில் முடி என்றால் மகுடம்,
முடி என்றால் மயிரும்.
அவள் சிரிக்கவில்லை.
முறத்தில் என் கருப்பும் அவர் செம்பட்டையும்
ஒன்றாய்க் கிடந்ததைப் பார்த்தாள்.
"முன்னாலேயே சொல்லக்கூடாதா," என்றாள்,
"இதைக் கட்டிக் கொடுத்தனுப்பியிருப்பேன்."